உட்செவியின் இரத்தவோட்டமும் கேள்விப்புலனும்

கொல்கத்தாவில் பவானிபூரிலுள்ள எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை, முன்னர் பிரசிடென்சி பொது மருத்துவமனை எனப்பட்டது. அங்கேதான் 1898-இல் ரொனால்டு ராஸ், பறவை மலேரியா கொசுக்கடியால் பரவும் வழியை மெய்ப்பித்தார். அக்காலத்தில் மலேரியாவுக்கு மருந்து கொயினா. அதனை மிகுதியாக உட்கொண்டோர்க்குக் காதிரைச்சலும் செவிமந்தமும் உண்டாயின. மருந்து நின்றதும் பெரும்பாலும் நீங்கின. உட்செவியின் நுண்குழாய்கள் சுருங்கி இரத்தவோட்டம் குறைவது இதற்கு ஒரு காரணமெனக் கருதப்படுகிறது.

உட்செவிக்கு இரத்தம் அளிப்பது பெரும்பாலும் ஒரே சிறு தமனி. அது அடைபட்டால் மாற்றுவழி இல்லை. நத்தைபோற் சுருண்ட உறுப்பின் பக்கச் சுவரிலுள்ள குழாய்வலை, அதனுள்ளிருக்கும் நீர்மத்தில் ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை நிலைநிறுத்துகிறது. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரணுக்கள் இதனையே நம்பியுள்ளன. பிராணவாயு குன்றினால் சில நிமிடங்களுக்குள் மின்னழுத்தம் வீழ்ந்து, கேள்வி மங்குகிறது. இந்நிலை நீடித்தால் மயிரணுக்கள் மடிகின்றன; மனிதரிடம் அவை மீண்டும் தோன்றுவதில்லை.

ஆகவே, ஒருவருக்குத் திடீரென ஒரு காது கேளாமற்போனால், குரும்பியடைப்பென எண்ணி எண்ணெய் விட்டுக் காத்திருத்தல் தகாது. அன்றே மருத்துவரிடம் அனுப்புக. இத்தகைய செவிட்டுக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும் சிகிச்சையே மிகுந்த பயன் தரும்.