வீட்டு வண்டிக்கு மின்சாரம்: சூரிய மின்தகடா, மின்பிறப்பாக்கியா?



ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் அரிசோனா என்னும் மாநிலம் இருக்கின்றது. அதன் மேற்கெல்லையாக ஓடும் கொலறாடோ ஆற்றிலிருந்து சிறிது தொலைவில், பாலைநிலத்தின் நடுவே, குவாட்சைற் என்றொரு சிற்றூர் உண்டு. கோடையில் வெயிலுக்கு அஞ்சி மனிதர் ஒதுங்கும் அவ்வூர், மாரி காலம் வந்ததும் முற்றிலும் மாறிவிடுகின்றது. பனியில் உறையும் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பெருந்திரளானோர் அங்கு வந்து கூடுகின்றனர். அவர்கள் விடுதி தேடி வருவதில்லை. தங்கள் வீட்டையே உடன் கொண்டு வருகின்றனர். படுக்கை, அடுப்பு, குளிரூட்டி, நீர்த்தொட்டி யாவும் அமைந்த ஊர்தி அது. அந்நாட்டார் அதனை 'ஆர்.வி.' என்பர்; நாம் வீட்டு வண்டி என்று கூறலாம்.

அங்குள்ள தரிசு நிலத்தின் பெரும்பகுதி கூட்டரசுக்குரியது. நிலங்களை முகாமை செய்யும் அரச பணியகம், பொதுவாக ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்க அனுமதிப்பதில்லை. ஆயினும், மாரிகால விருந்தினருக்கென 1983ஆம் ஆண்டில் நீண்டகாலத் தங்கல் வெளிகளை அது வகுத்தது. அவ்வெளிகளில் செப்ரெம்பர் நடுப்பகுதி தொடங்கி ஏப்பிரல் நடுப்பகுதி வரை அனுமதிச் சீட்டுடன் தங்கலாம். நிலம் உண்டு, வானம் உண்டு, வெயிலும் உண்டு. ஆனால் வண்டிதோறும் மின்கம்பி வருவதில்லை. விளக்கெரிய வேண்டுமாயின் மின்சாரத்தை அவரவரே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இவர்கள் எல்லோரும் பொழுதுபோக்குக்காக வருபவர்கள் என எண்ணிவிடலாகாது. 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவுக்குப் பின் வீட்டு வாடகை கொடுக்க இயலாது வண்டியையே வீடாக்கிக்கொண்ட முதியோரும் இவர்களுள் உளர். ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நோமாட்லாண்ட்' என்ற நூலும், அதனைத் தழுவி 2020ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படமும் அவர்தம் வாழ்வை உலகறியச் செய்தன. அத்தகைய ஒருவருக்கு மின்சாரம் தவறுதல் என்பது விடுமுறை கெடுவதன்று. உணவு பழுதாவதும், மருந்து கெடுவதும், மூச்சுக்கருவி நிற்பதும் ஆகும்.

மின்கம்பியற்ற வாழ்வு நமக்கும் புதிதன்று. 1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமின்றிப் பல்லாண்டுகள் கழித்தவர்கள், ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் படித்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதையும் மறந்திருக்கமாட்டார்கள். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் நீண்ட மின்வெட்டுகளை எல்லோரும் கண்டோம். ஆகவே, அரிசோனாப் பாலையில் ஒரு முதிய தம்பதியர் எதிர்கொள்ளும் வினாவை நாமும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அவ்வினா இதுதான்: சூரிய மின்தகட்டை வாங்குவதா, மின்பிறப்பாக்கியை வாங்குவதா?

முதலில் இரண்டின் இயல்பையும் நோக்குவோம். காந்தத்தின் அருகே கம்பிச்சுருள் அசைந்தால் கம்பியில் மின் தோன்றும் என்பதை மைக்கல் பரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மின்பிறப்பாக்கி அவ்வுண்மையின் வழிவந்தது. பெற்றோலை எரித்து இயந்திரம் சுழல, அச்சுழற்சி மின்னாகின்றது. சூரிய மின்தகட்டிலோ சுழல்வது எதுவுமில்லை. சிலிக்கன் என்னும் மூலகத்தின் மீது ஒளி விழும்போது இலத்திரன்கள் விடுபட்டு ஓடுகின்றன, அவ்வோட்டமே மின்சாரம். பயன்தரத்தக்க சிலிக்கன் சூரியக்கலத்தை 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் செய்து காட்டினர். அது தன்மீது விழுந்த ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கையே மின்னாக்கியது. இன்று கடைகளிற் கிடைக்கும் நல்ல தகடுகள் நூற்றுக்கு 20 பங்குக்கும் மேலாக மாற்றுகின்றன.

இனி, கணக்குக்கு வருவோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முதுமொழி. மின்சாரத்தை வாங்குமுன் தேவையை அளத்தல் வேண்டும். மேற்கூறிய தம்பதியரின் ஒரு நாள் தேவையைக் காண்போம். 6 வாற்று விளக்குகள் ஐந்து, நான்கு மணி நேரம் எரிந்தால் 120 வாற்று மணி. சிறிய குளிரூட்டிக்கு ஒரு நாளில் 700. நீரிறைக்கும் பம்பிக்கு 30. தொலைபேசிக்கும் வானொலிக்கும் 100. குளிரிரவில் வெப்பக்காற்றை வண்டிக்குள் செலுத்தும் விசிறிக்கு 340. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயுடையோர் அணியும் சுவாசக் கருவி 50 வாற்று வீதம் எட்டு மணி நேரம் இயங்க 400. ஆகமொத்தம் 1,690 வாற்று மணி. அஃதாவது, நம் மின்கட்டணச் சீட்டிற் காணும் அலகின்படி 1.7 அலகு.

இதனைச் சூரியன் தருமா? தகட்டில் 100 வாற்று என்று எழுதியிருப்பது, ஒரு சதுர மீற்றரில் 1,000 வாற்று ஒளி செங்குத்தாக விழும்போது, கலத்தின் வெப்பம் 25 பாகையாக இருந்தால் கிடைக்கும் அளவாகும். நாள் முழுவதும் அவ்வாறு ஒளி விழுவதில்லை. குவாட்சைற் வட அகலக்கோடு 33 பாகையைக் கடந்து இருப்பதால், மார்கழி மாதத்து நண்பகலிற்கூடச் சூரியன் அடிவானிலிருந்து 33 பாகை உயரத்திலேயே நிற்கும். வண்டியின் கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் தகடு அச்சரிந்த ஒளியில் பாதியளவையே பெறுகின்றது. அந்நாட்களில் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று மணி நேர முழுவெயிலுக்குச் சமமானது. தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்தினால் அதுவே ஐந்து மணி நேரம் வரை உயரும்.

கம்பியிலும் பற்றரியிலும் தூசியிலும் காற்பங்கு இழப்பாகும் எனக் கொண்டால், 100 வாற்றுத் தகடு தட்டையாக இருக்கையில் நாளொன்றுக்கு 225 வாற்று மணியும், சாய்த்து வைக்கையில் 375 வாற்று மணியும் தரும். ஆகவே நம் தம்பதியருக்குத் தட்டையாயின் 750 முதல் 800 வாற்றுத் தகடுகள் வேண்டும். சாய்த்தாயின் 450 முதல் 500 வாற்றே போதும். இரண்டு மரச்சட்டங்களை முட்டுக்கொடுத்துத் தகட்டைச் சாய்ப்பதால் பல தகடுகளின் விலை மிஞ்சுகின்றது! மற்றுமொன்று: தகட்டின் கலங்கள் சங்கிலிபோலத் தொடுக்கப்பட்டவை. கூரையிலுள்ள ஒரு குழாயின் நிழல் சிறு மூலையில் விழுந்தாலும், இழப்பு அந்நிழலின் பரப்பைவிடப் பன்மடங்கு பெரிதாகும். மரநிழலில் வண்டியை நிறுத்த விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

மின்பிறப்பாக்கியோ வெயிலையும் பாராது, மழையையும் பாராது. கேட்டபொழுது மின்சாரம் தரும். இது பெரும் நன்மை. ஆயினும் அதற்குரிய விலையை நாள்தோறும் கொடுத்தல் வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 அலகு ஆற்றல் அடங்கியிருக்கின்றது. கையில் தூக்கிச் செல்லத்தக்க 2,000 வாற்று வகை மின்பிறப்பாக்கி, காற்பங்குச் சுமையில் இயங்குகையில் அதில் ஓர் அலகையே மின்னாகத் தரும். முழுச்சுமையிலும் ஏறத்தாழ ஒன்றரை அலகுதான். எஞ்சியது வெப்பமும் புகையுமாய்ப் போய்விடும். இரண்டு விளக்குகளுக்காக இரவெல்லாம் அதனை ஓடவிடுவது, ஒரு கடிதத்தைக் கொண்டுசெல்லப் பாரவண்டியை அனுப்புவதை ஒக்கும். மலையுச்சிக்குச் சென்றால் வேறொரு குறையும் உண்டு. காற்று ஐதாவதால், ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் இயந்திரத்தின் வலு நூற்றுக்கு மூன்றரை வீதம் குறையும்.

ஓசையும் ஒரு தொல்லையே. பாலையின் அமைதியை நாடி வந்தவரின் அயலில் இயந்திரம் இரைந்தால் நட்பு நிலைக்குமா? அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில், 50 அடி தூரத்தில் 60 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசை எழுப்புவதை விதிகள் தடுக்கின்றன. பல தங்கல் வெளிகளில் மின்பிறப்பாக்கியை இயக்கும் நேரமும் வரையறுக்கப்பட்டிருக்கின்றது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அமைதி காத்தல் வேண்டும்.

எனினும், ஓசையினும் கொடியது ஓசையற்ற ஒன்று. பெற்றோல் எரிகையில் காபனோரொட்சைட்டு என்னும் வாயு வெளிப்படுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இணைகின்றது. உறங்குபவர் தலைவலியைக்கூட உணராது உறக்கத்திலேயே உயிர்விட நேரும். கையாளத்தக்க மின்பிறப்பாக்கிகளின் நச்சுவாயுவால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் நூறு பேரளவில் இறப்பதாக அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு மதிப்பிட்டுள்ளது. ஆதலால் அதனை வண்டியினுள்ளோ, வண்டியின் கீழோ, யன்னலோரத்திலோ வைத்தல் கூடாது. குறைந்தது 20 அடி அப்பால், புகை வண்டியை நோக்கி வராத திசையில் வைத்தல் வேண்டும். வண்டிக்குள் இவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும் இருத்தல் வேண்டும். அயல் வண்டியின் புகையும் நம் யன்னல் வழியே நுழையலாம் அல்லவா?

இப்பொழுது சுவாசக் கருவியை நினைவுகூர்வோம். அது வேண்டப்படுவது இரவில். இரவிலே சூரியன் இல்லை, மின்பிறப்பாக்கியையோ இயக்கலாகாது. அவ்வாறாயின் அந்நோயாளியைக் காப்பது எது? பற்றரியே. இங்குதான் நம் வினாவின் உண்மை உருவம் புலப்படுகின்றது. தகடும் மின்பிறப்பாக்கியும் பற்றரியை நிரப்புவதற்குரிய இருவேறு வழிகள் மட்டுமே. முதலிற் தீர்மானிக்க வேண்டியது பற்றரியின் அளவு.

12 வோல்ற்று, 100 அம்பியர் மணிப் பற்றரி ஒன்றில் ஏறத்தாழ 1.2 அலகு அடங்கும். பழைய ஈய அமிலப் பற்றரியாயின் அதில் பாதியையே எடுக்கலாம். மேலும் எடுத்தால் அதன் ஆயுள் விரைவிற் குன்றும். இலிதியம் பற்றரியாயின் பெரும்பகுதியையும் எடுக்கலாம். பாரமும் பாதிக்குக் குறைவு. முகில் மூடிய ஒரு நாளையும் சேர்த்து இரண்டு நாட்களுக்கு 3.4 அலகு வேண்டுமெனின், இலிதியத்தில் மூன்று போதும். ஈயத்தில் ஆறு வேண்டும். ஆயின் இலிதியத்தின் விலை கூடுதலானது. நீர் உறையும் குளிரில் அதனை மின்னேற்றலும் ஆகாது.

நம் கணக்கின்படி, மின்பிறப்பாக்கியை மட்டும் நம்பினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லீற்றர் பெற்றோல் வேண்டும். ஐந்து மாதத்துக்கு 300 லீற்றர்; எண்ணெய் மாற்றும் செலவு வேறு. சூரியத் தகடோ முதலில் பெருந்தொகை கேட்டுப் பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அமைதியாக உழைக்கும். நெடுநாள் தங்குபவருக்கும் வண்டியையே வீடாகக் கொண்டவருக்கும் தகடே இலாபம். ஆண்டில் இரண்டு மூன்று நாட்கள் மட்டும், அதுவும் அடர்ந்த மரநிழலில் தங்குபவருக்குச் சிறு மின்பிறப்பாக்கி போதுமானது.

ஒரு விலக்கும் உண்டு. அது வளிச்சீராக்கி. கூரையில் அமைந்த வளிச்சீராக்கி ஏறத்தாழ 1,400 வாற்றை விழுங்கும். ஆறு மணி நேரம் ஓடினால் 8.4 அலகு, நம் தம்பதியரின் ஐந்து நாள் தேவை! இதனைக் கூரைத்தகடுகளால் ஈடுசெய்தல் அரிது, மின்பிறப்பாக்கியே வேண்டும். ஆனால் அனுபவமிக்கோர் பிறிதொரு வழியைக் கையாள்கின்றனர். மாரியில் பாலைக்கும் கோடையில் குளிர்ந்த மேட்டுநிலத்துக்கும் வண்டியை ஓட்டிச் செல்கின்றனர். வீட்டுக்குச் சில்லுகள் இருப்பதன் பயன் அதுவன்றோ?

முடிவாக, இவ்வாறு கூறலாம். முதலில் தேவையைக் குறைத்துக்கொள்க. அடுத்து, இரவைத் தாங்கும் அளவுக்குப் பற்றரியைத் தெரிந்துகொள்க. பின்னர், அதனை நாள்தோறும் நிரப்பச் சூரியத் தகட்டைச் சாய்த்து வைக்க. முகில் தொடர்ந்து மூடும் நாட்களுக்கெனச் சிறு மின்பிறப்பாக்கி ஒன்று ஒதுக்கில் இருக்கட்டும். அதனையும் காலையில் நல்ல சுமையுடன் இரண்டொரு மணி நேரம் மட்டும் இயக்கி, பற்றரியின் பெரும்பகுதியை நிரப்பிவிட்டு, மெல்ல மெல்ல நிரம்பும் எஞ்சிய பங்கைச் சூரியனிடம் ஒப்படைத்தல் சிக்கனமாகும்.

ஆளியை அழுத்தியவுடன் மின்சாரம் வரும் வீட்டில் வாழும் நாம், ஓர் அலகு என்பது எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பாலைநிலத்து வண்டிக்காரர் நாள்தோறும் அதனை அளந்து வாழ்கின்றார். அவரிடமிருந்து நாம் கற்கக்கூடியது அந்த அளவறிவையே.