"நம்பர் சொல்லுங்க"

துணிக்கடையில் பில் போடும் இடத்தில் முதல் கேள்வியே "நம்பர் சொல்லுங்க" என்பதுதான். பின்னால் வரிசை நிற்கிறது. பத்து இலக்கங்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மருந்துக்கடை, கண்ணாடிக்கடை, ஸ்கேன் சென்டர், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் வருகைப் பதிவேடு என்று எங்கும் இதே கேள்வி. மொபைல் எண் தந்தால்தான் விற்போம் என்று கட்டாயப்படுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் கேட்பது நிற்கவில்லை.

அந்த எண்ணை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம் என்பதை உங்கள் போனிலேயே பார்க்கலாம். பணம் அனுப்பும் செயலியில் யாராவது ஒருவரின் எண்ணைத் தட்டுங்கள். ஒரு ரூபாய்கூட அனுப்புவதற்கு முன்பே, வங்கியில் பதிவான அவர் பெயர் திரையில் வந்துவிடும். அதே எண்ணை வாட்ஸ்அப்பில் போட்டால் பல நேரம் முகமும் கிடைக்கும். வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எண்களை ஒவ்வொன்றாகச் சோதித்தே உலகெங்கும் 350 கோடி வாட்ஸ்அப் கணக்குகளைக் கண்டறிந்ததாக 2025இல் அறிவித்தார்கள். அவற்றில் சுமார் 57 சதவீதக் கணக்குகளின் முகப்புப் படத்தை யாராலும் பார்க்க முடிந்தது. எந்தப் பூட்டையும் உடைக்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. அவர்கள் எடுத்துச் சொன்ன பிறகே வாட்ஸ்அப் நிறுவனம் அந்த வழியை அடைத்தது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒரு மாத்திரை பில்லிலோ ஒரு புடவை பில்லிலோ பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் எல்லாப் பில்லிலும் ஒரே எண் இருக்கும்போது அவை ஒரே ஆளின் வாழ்க்கைக் குறிப்பாகச் சேர்ந்துவிடுகின்றன. ஆபத்து இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் உண்மையில்லை. 2006இல் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல் சுமார் 6.5 லட்சம் பேரின் மூன்று மாத இணையத் தேடல்களைப் பெயரில்லாமல் வெளியிட்டது. சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள், தேடிய சொற்களை மட்டும் வைத்து ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம் ஊர் உதாரணம் இன்னும் கசப்பானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் செயலியில் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கின்றன என்ற செய்தி 2024 செப்டம்பரில் வெளிவந்தது. பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு பரிசோதனை முடிவுகளும் நோய் விவரங்களும் அதில் இருந்தன. 3.1 கோடிப் பேரின் விவரங்கள் தன்னிடம் இருப்பதாக, வெளியிட்டவர் சொல்லிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அந்த வெளியீட்டை முடக்கச் சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே பதிவிறக்கம் செய்தவரிடமிருந்து ஒரு கோப்பைக்கூடத் திரும்ப வாங்க முடியாது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். நோயை எப்படி மாற்றுவது?

கைரேகையும் அப்படித்தான். தெலங்கானாவில் 2018இல் பிடிபட்ட ஒருவர், பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்து பத்திரங்களை இறக்கி, அவற்றிலிருந்த ரேகைகளைச் செயற்கையாக அச்சுவார்த்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளை இயக்கியிருந்தார். இதே உத்தி பிறகு வங்கிக் கணக்குகளுக்கும் வந்தது. ஆதார் வழியாகப் பணம் எடுக்க ஓடிபி தேவையில்லை; ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் விரல் ரேகையும் போதும். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுபவர்களின் மூலதனமும் இப்படிக் கசிந்த தகவல்தான். நம் பெயரையும் முகவரியையும் பிழையில்லாமல் சொல்பவரை, காவல்துறையிலிருந்துதான் பேசுகிறார் என்று நம்பிவிடுகிறோம்.

சட்டம் காக்காதா? தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று. அதன் வழியில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசமும் தரப்பட்டது. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது பெரிய தொகைதான். ஆனால் அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவலைப் பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. இழப்பீடு கேட்க வழிவைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. மேலும், மத்திய அரசு விரும்பும் அரசு அமைப்புக்கு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி விலக்கு அளிக்கவும் இடம் இருக்கிறது.

ஆக, தனியுரிமை இனி சாத்தியமா? முழுமையாக இல்லை. வெளியே போனது போனதுதான். ஆனால் இனிமேல் போவதைக் கணிசமாகக் குறைக்க முடியும். கடையில் "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போதும்" என்று சொல்லுங்கள். ஆதார் ஜெராக்ஸ் கேட்கும் இடத்தில், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுத்துப் பாருங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதைப் பதிவிறக்கலாம். அங்கேயே உங்கள் கைரேகையைப் பூட்டிவைக்கலாம். தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதைச் செய்துகொடுங்கள். வாட்ஸ்அப் படம் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்றுங்கள். இணைய மோசடியில் பணம் போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இவை நம்மால் ஆனவை. ஆனால் மருத்துவமனை அடையாள அட்டை கேட்கும்போது நோயாளியால் மறுத்துப் பேச முடியாது. ரேஷன் கடையில் ரேகை வைக்க மாட்டேன் என்று சொல்ல ஏழைக்கு வழியில்லை. அவர்களைச் சட்டம் மட்டுமே காக்க முடியும். தேவைக்கு மேல் தகவல் வாங்கக் கூடாது, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும், கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கே இழப்பீடு தர வேண்டும். இந்த மூன்றும் உறுதியாகாத வரை, கட்டாயத்தின் பேரில் தகவல் கொடுக்கும் ஒவ்வொருவரும் பிறருடைய கவனக்குறைவுக்கான விலையைத் தாமே செலுத்த வேண்டியிருக்கும்.