சீறாவுக்குத் துணைநின்ற தோழமை

நல்ல ஆசிரியரும் நல்ல நூல்களும் வாய்த்தபின் கல்விக்கு நண்பர்கள் எதற்கு என்று இடையஞ்சாவடி அன்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் வினவினார். மரக்காணத்து உப்பளங்களிலிருந்து தெற்கே நீளும் இதே கடற்கரையில், பரங்கிப்பேட்டையில் அதற்கு விடை இருக்கிறது என்றேன். அதனையே இங்கு விரித்துரைக்கிறேன்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (கி.பி. 1058–1111) தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் நாற்பது பகுதிகளுள் ஒன்றைத் தோழமைக்கென ஒதுக்கியுள்ளார்கள். தோழமையின் கடமைகளுள் அன்னார் முதலில் வைப்பது இன்சொல்லையன்று, பொருளை! நம்மிடம் எஞ்சியதைத் தோழனுக்கு ஈவது கடைநிலை. அவனை நமக்குச் சமமாக்கிப் பகிர்வது இடைநிலை. நம் தேவையினும் அவன் தேவையை முற்படுத்துவது தலைநிலை. கேட்கும்வரை காத்திராமல் ஈதல் வேண்டும் என்பதும், தோழன் மறைந்த பின்னும் அவனைச் சார்ந்தோரிடம் அன்பு தொடர வேண்டும் என்பதும் அங்கே வலியுறுத்தப்படுகின்றன.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு சீறாப்புராணம் பிறந்த கதையை நோக்குவோம். உமறுப்புலவர் தமிழில் வல்லவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறோ அரபு மூலங்களில் இருந்தது. காவியம் பாடத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்பது மரபு. செய்திகளை நாடிச் சென்ற புலவரின் தோற்றம் கண்டு சதக்கத்துல்லாஹ் அப்பா (வலி) அவர்கள் முதலில் தயங்கினார்கள் என்றும், பின்னர் பரங்கிப்பேட்டை ஆலிம் ஒருவர் வாயிலாக அவை கிட்டின என்றும் செவிவழிச் செய்தி உண்டு. தமிழ் அறிந்தவரும் அரபு அறிந்தவரும் அருகமர்ந்து பேசியிராவிட்டால் அக்காவியம் தோன்ற வழியேயில்லை.

வள்ளல் இடையிலேயே மறைந்தார். பொறுப்பை ஏற்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். நூலின் பலவிடங்களில் புலவர் இவரை நன்றியுடன் போற்றுகிறார். சீதக்காதியின் பெயரோ அங்கில்லை. அதனால் வள்ளலின் தொடர்பையே ஐயுறுவோர் உளர். எனக்கு அவ்வையம் இல்லை. பெயர் இடம்பெறாமை, உதவி இல்லாமைக்குச் சான்றாகாது. பெயரை எதிர்பாராது ஈந்தோர் நம் கடற்கரையூர்களில் அரியரும் அல்லர்.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அந்நூல், நாயகம் (ஸல்) அவர்களின் இறுதிக்காலத்தை எட்டாமலே ஹிஜ்றத்துக் காண்டத்தில் நின்றுவிட்டது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' எனப் பாடினார். உமறுவின் ஏடுகளை 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் பரிசோதித்து அச்சேற்றினார்.