கடைத்தெரு வைத்தியம் – 11: டிங்சருக்கு எந்தச் சாராயம்?

மைசூரு தேவராஜ மொஹல்லாவில் தேவராஜா மார்க்கெட்டும், 1908-ல் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. மனசை அமர்த்தும் என்று பெரியவர்கள் சொல்லும் சரக்கெல்லாம் இந்த வட்டாரத்திலேயே தேறிவிடும். கீரைக்காரரிடம் ‘ஒந்தெலகா’ என்று கேட்டால் வல்லாரை. நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா கிழங்கு. ஆகவே வீட்டில் டிங்சர் போட நினைப்பவருக்கு மூலிகையால் கவலை இல்லை. கவலையெல்லாம் சாராயத்தால்தான்.

டிங்சர் என்றாலே முழங்கால் சிராய்ப்பில் சுரீரென்று எரிந்த அயோடின்தான் பலருக்கும் ஞாபகம். அதிலும் மருந்து கரைந்திருப்பது சாராயத்தில்தான். மூலிகைக்கு வழக்கமான அளவு, உலர்ந்த சரக்கு ஒரு பங்குக்கு 40 சதவீத வோட்கா ஐந்து பங்கு. கண்ணாடிச் சீசாவில் மூடி, வெயில் படாமல் மூன்று நான்கு வாரம் வைத்து, தினமும் ஒரு குலுக்குக் குலுக்கி, துணியில் வடிகட்ட வேண்டும். அமுக்கராவில் உள்ள விதனோலைடுகள் வெறும் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. சாராயம் இழுத்துவிடும், சரக்கைக் கெடாமலும் காக்கும். வல்லாரையைப் பச்சையாகப் போட்டால் இலையிலுள்ள நீரே சாராயத்தை நீர்க்கச் செய்துவிடும். நிழலில் காயவைத்துப் போடுவது நல்லது.

சர்ஜிகல் ஸ்பிரிட், பெயின்ட் கடை ஸ்பிரிட் பக்கமே போகக் கூடாது. மெத்தனால் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம், அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். வீட்டில் காய்ச்சுவதோ குற்றம். மிஞ்சுவது ஒயின் ஷாப் சீசா ஒன்றுதான்.

அப்படியென்றால் அமைதி தருவது மூலிகையா, மதுவா? கணக்குப் போடுவோம். ஒரு வேளைக்கு 2 மில்லி டிங்சர் என்றால் உள்ளே போகும் சாராயம் 0.8 மில்லி. 30 மில்லி விஸ்கியில் ஏறக்குறைய 13 மில்லி. போதைக்கு டிங்சரின் அளவு காணாது. ஆனால் குடியை விட்டவருக்கு அந்த வாசனையே ஆபத்து. மருந்தா மதுவா என்ற இந்த வழக்கு 1951-ல் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது; பம்பாய் மதுவிலக்குச் சட்டம் சாராயம் கலந்த மருந்துகளையும் தடுத்தது செல்லாது என்று பல்சாரா வழக்கில் தீர்ப்பானது.

மூலிகையும் சாதுவல்ல. தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அமுக்கராவைத் தொடக் கூடாது. கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-ல் தடையே போட்டுவிட்டது. சர்ப்பகந்தாவை வீட்டில் ஊறவைக்கும் எண்ணமே வேண்டாம். 1952-ல் ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது அதன் வேரிலிருந்துதான். ரத்த அழுத்தத்தை இறக்கும், மனச்சோர்விலும் தள்ளக்கூடும்.

என்னைக் கேட்டால், நம் அரிஷ்டமே இதைவிடக் கெட்டிக்காரத்தனம். மூலிகைக் கஷாயத்தில் வெல்லமும் தாதகிப் பூவும் சேர்த்து மூடிவைத்தால் அது நொதித்து, வேண்டிய சாராயத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பொதுவாக 12 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மைசூருக்குப் பக்கத்து நஞ்சன்கூட்டில் 1913-லேயே சத்வைத்தியசாலை தொடங்கி, மருந்து தயாரிப்பு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஆயுர்வேத டாக்டர் சரியென்றால் அமுக்கரா சேர்ந்த அசுவகந்தாரிஷ்டம் வாங்கிக்கொள்ளலாம். சாராயமே வேண்டாம் என்பவருக்கு, அமுக்கராப் பொடியைப் பாலில் காய்ச்சிக் குடிக்கும் பழைய வழக்கம் இருக்கவே இருக்கிறது.