பசளை தரும் கனிமங்களும் அவற்றைச் சிக்கனமாய்ப் பயன்படுத்தலும்

கமக்காரர்களே,

பெரும்போகத்துக்கு வயலைப் பண்படுத்தும் காலத்தில் நீங்கள் வாங்கும் பசளைகளுள் மூன்று முதன்மையானவை. அவை யூரியா, முச்சுப்பர் பொசுபேற்று, மியூரியேற்று ஒவ் பொற்றாசு என்பன. இவற்றுள் யூரியாவிலுள்ள நைதரசன் காற்றிலிருந்து பெறப்படுவது. காற்று எந்நாட்டவர்க்கும் பொது. அதனைப் பசளையாக்குதற்கு எரிவாயு வேண்டும். ஏனைய இரண்டும் அத்தகையன அல்ல. பொசுபரசும் பொற்றாசியமும் நிலத்தை அகழ்ந்து எடுக்கப்படும் கனிமங்கள். அவை உலகின் சில இடங்களில் மாத்திரமே மிகுதியாய் உள்ளன. ஆதலால் தொலைதேசமொன்றில் ஓர் அகழ்வுச் சுரங்கம் மூடப்படின், அதன் விளைவை ஈற்றில் உங்கள் வயலிலே காண்பீர்கள். இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், இதற்கு நீங்கள் செய்யக்கூடியது யாது என்பதையும் இங்கு விளக்குவோம்.

கனிமம் கடந்து வரும் வழி

முச்சுப்பர் பொசுபேற்றின் மூலப்பொருள் பொசுபேற்றுப் பாறை. இப்பாறை இயற்கை நிலையில் நீரில் எளிதிற் கரையாது. அதனைக் கந்தகவமிலத்தோடு சேர்த்துப் பொசுபோரிக்கமிலம் பெறுகின்றனர். பின்னர் அவ்வமிலத்தால் மேலும் பாறையைத் தாக்கிக் கரையும் பசளையாக்குகின்றனர். இதற்கு வேண்டிய கந்தகத்தின் பெரும்பகுதி எண்ணெயும் எரிவாயுவும் சுத்திகரிக்கப்படும்போது கிடைக்கின்றது. எனவே பாறை, கந்தகம், தொழிற்சாலை, கப்பல், துறைமுகம், களஞ்சியம் என்னும் இத்தனை கண்ணிகள் கொண்ட சங்கிலியின் கடைசியிலேயே கமக்காரர் நிற்கின்றார். ஒரு கண்ணி அறுந்தாலும் பசளை காலத்துக்கு வந்து சேராது.

இச்சங்கிலியை அரசாங்கங்களின் புவிச்சரிதவியல் நிறுவனங்கள் ஆண்டுதோறும் கணக்கிட்டு வருகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் புவிச்சரிதவியல் அளவை நிறுவனம் ஒவ்வோராண்டும் கனிமங்களின் இருப்பையும் உற்பத்தியையும் வெளியிடுகின்றது. அது வளம் என்பதையும் ஒதுக்கம் என்பதையும் வேறுபடுத்திக் காட்டும். வயலில் நிற்கும் கதிர் வளம் போன்றது. அறுத்துச் சூடடித்துக் களஞ்சியத்தில் சேர்க்கத்தக்கது என உறுதியாய்க் கணித்த நெல் ஒதுக்கம் போன்றது. நிலத்தில் உள்ளதெல்லாம் இலாபத்துடன் எடுக்கத்தக்கதன்று. அந்நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகின் பொசுபேற்று ஒதுக்கம் 70,000 மில்லியன் தொன்னுக்கு மேற்பட்டது. அதில் ஏறத்தாழ 50,000 மில்லியன் தொன் மொறொக்கோவிலும் மேற்குச் சகாராவிலும் அடங்கும். ஆண்டுதோறும் அகழப்படுவதிலோ மிகப் பெரும்பங்கு சீனாவினது. பொற்றாசு கனடா, இரசியா, பெலருசு ஆகிய மூன்று நாடுகளிலிருந்தே பெரும்பாலும் கிடைக்கின்றது.

எனவே பாறை உலகில் அண்மையில் தீர்ந்துவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. அது சிலரின் கையில் இருப்பதே இடர். 2007 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தொன் பொசுபேற்றுப் பாறை 50 டொலருக்கும் குறைவாக விற்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின் அதன் விலை 400 டொலரைக் கடந்தது. 2021 இல் சீனா தன் பசளை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திற்று. 2022 இல் உக்கிரேன் யுத்தம் மூண்டமையாலும், பெலருசின் மீது விதிக்கப்பட்ட தடைகளாலும் பொற்றாசு விலை உயர்ந்தது. இத்தகைய இடரைக் கருதியே ஐரோப்பிய ஒன்றியம் முன்னரே 2014 இல் பொசுபேற்றுப் பாறையை இன்றியமையாத மூலப்பொருள்களின் பட்டியலிற் சேர்த்தது.

நம் நாட்டில் 2021 மே மாதத்தில் அசேதனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்ததை நீங்களே கண்டீர்கள். பின்னர் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் சேர்ந்தது. காரணம் எதுவாயினும் பசளைப் பை வராதபோது வயல் படும் பாடு ஒன்றே.

எப்பாவலைப் பாறை

நம் நாட்டிலும் பொசுபேற்றுப் பாறை உண்டு. அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவலை என்னுமிடத்தில் 1971 ஆம் ஆண்டில் அரசாங்கப் புவிச்சரிதவியலாளர் இதனைக் கண்டறிந்தனர். அங்கு சுமார் 60 மில்லியன் தொன் உண்டெனக் கூறப்படுகின்றது. 30 ஆண்டுகளுக்குள் 26.1 மில்லியன் தொன்னை அகழ்வதற்கு வெளிநாட்டுக் கம்பனியொன்றுடன் உடன்படிக்கை செய்ய முற்பட்டபோது, அப்பகுதி வாசிகள் எழுவர் உயர்நீதிமன்றத்தை நாடினர். அவர்களுட் கமக்காரரும் இருந்தனர். 2000 ஆம் ஆண்டில் நீதிமன்றம், கனிமத்தின் அளவும் தரமும் முறையாக ஆராயப்பட்டு அம்முடிவு வெளியிடப்படும் வரையில் உடன்படிக்கை செய்யலாகாது எனப் பணித்தது. இருப்பு எவ்வளவு என்று அறியாது விற்கலாகாது என்பதே இதன் பாடம்.

இப்பாறையை அரைத்த தூள் தேயிலை, இறப்பர், தென்னை ஆகிய நீண்டகாலப் பயிர்களுக்கு இடப்படுகின்றது. ஆயினும் அது மெதுவாகவே கரைவது. மூன்று நான்கு மாதங்களில் அறுவடையாகும் நெல்லுக்கும் மரக்கறிக்கும் வேண்டிய வேகத்தில் அது பொசுபரசை அளிக்காது. மேலும் அது கரைவதற்கு மண்ணில் அமிலத்தன்மை வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணில் அதனாற் பயன் மிகச் சிறிதே. ஆதலால் விலை குறைவு என்பதற்காக அதனை முச்சுப்பர் பொசுபேற்றுக்குப் பதிலாக வயலில் இடாதீர்கள்.

உங்கள் வயலிலேயே உள்ள கனிமம்

1. வைக்கோல். நெற்பயிர் உறிஞ்சிய பொற்றாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகின்றது. உலர்ந்த வைக்கோல் ஒரு தொன்னில் 12 முதல் 17 கிலோகிராம் வரை பொற்றாசியம் உண்டு. இஃது ஏறத்தாழ அரைப்பை மியூரியேற்று ஒவ் பொற்றாசுக்குச் சமனாகும். வைக்கோலைச் சூட்டுக்களத்தில் எரித்தால் நைதரசன் புகையாய்ப் போகும். பொற்றாசியமோ சாம்பலாய் ஓரிடத்தில் மாத்திரம் குவியும். ஆகையால் அதனை வயல் முழுவதும் பரப்பி, விதைப்புக்குச் சில வாரங்களுக்கு முன்னரே உழுது மண்ணுட் புதையுங்கள். உக்குவதற்கு முன் விதைத்தாற் பயிர் நைதரசன் குறைந்து மஞ்சளாகும்.

2. மண்ணில் தேங்கிய பொசுபரசு. ஒரு தொன் நெல்மணி ஏறத்தாழ 2 கிலோகிராம் பொசுபரசையே வயலிலிருந்து எடுத்துச் செல்கின்றது. இட்டதில் எஞ்சியது நீரோடு எளிதில் ஓடாது, மண்ணிலே பற்றிக்கொள்ளும். ஆண்டாண்டாய்ப் பசளை இடப்பட்ட மலைநாட்டு மரக்கறி நிலங்கள் பலவற்றில் இது மிகுதியாய்த் தேங்கியுள்ளது. அங்கு மேலும் இடுதல் பணவிரயம். மண் அரிக்கப்படும்போது இது குளங்களையும் அடைந்து பாசியைப் பெருக்கும்.

3. மண் பரிசோதனை. மண்ணில் உள்ளதை அறியாது பசளை இடுதல் களஞ்சியத்தைத் திறந்து பாராமல் நெல் வாங்குவதை ஒக்கும். பசளை இடுவதற்கு முன், வரம்பையும் எருக்குவியலையும் விலக்கி, வயலின் பல இடங்களில் சுமார் 15 சதமமீற்றர் ஆழம் வரை மண் எடுங்கள். அவற்றை ஒன்றாய்க் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோகிராம் அளவைத் தூய பையிலிட்டு உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள்.

4. சேதனப் பசளை. மாட்டெரு, கோழியெரு, கூட்டெரு, சீமைக்கிளுவைத் தழை ஆகியவற்றை இடுங்கள். கோழியெருவிற் பொசுபரசு மிகுதி. அதனை இட்ட மரக்கறி நிலத்துக்கு முச்சுப்பர் பொசுபேற்றைக் குறைக்கலாம். இவை கனிமப் பசளையின் செலவைக் குறைக்குமேயன்றி, நல்விளைச்சல் வேண்டும் நெல்வயலில் அதன் இடத்தை முற்றாக நிரப்பமாட்டா.

5. இடும் முறை. பொசுபரசு வேரை நாடி நகர்வதில்லை. வேரே அதனை நாடவேண்டும். ஆகையால் நெல்லுக்கு அடிக்கட்டுப் பசளையாக இட்டு மண்ணோடு கலவுங்கள். மரக்கறிக்கு நடுகைக் குழியில் வேர்ப்பகுதிக்கு அண்மையில் இடுங்கள்.

தொலைதேசத்துச் சுரங்கத்தையோ கப்பலையோ நாம் ஆளவியலாது. நம் வைக்கோலையும் நம் மண்ணையும் நாமே ஆளலாம். இப்போகத்திற் சூட்டுக்களத்தில் எரியாது காத்த வைக்கோல், அடுத்த போகத்தில் நீங்கள் வாங்கவேண்டிய பொற்றாசின் ஒரு பங்கு என்பதை நினைவில் வையுங்கள். மேலதிக விளக்கம் வேண்டுவோர் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுவாராக.