முன் சக்கரம் முனகினால்...

மாமல்லபுரத்துப் பஞ்ச ரதங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஏழாம் நூற்றாண்டிலிருந்து ஜம்மென்று நிற்கின்றன. சக்கரமே கிடையாது. அதனால் சத்தம் கிடையாது. மெக்கானிக் செலவும் கிடையாது!

நம் ரதம் அப்படியா? செங்கல்பட்டில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் முன் சக்கரம் கச்சேரியை ஆரம்பித்துவிடும். 'பாட்டைக் கொஞ்சம் சத்தமா வைங்க, கேட்காது' என்று பின்சீட்டிலிருந்து யோசனை வரும். அந்த வைத்தியம் மட்டும் வேண்டாம் சார்!

நான் பி.காம். ஸ்பானர் பிடித்தவன் இல்லை. ஆனால் டிரையல் பாலன்ஸ் டேலி ஆகாவிட்டால் என்ன செய்வோம்? ஒவ்வொரு கணக்காகத் தட்டிப் பார்ப்போம். இங்கேயும் அதேதான். சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தால் பாதி விடை கையில்.

'டிக் டிக்' என்று சக்கரத்தோடு சுற்றி வருகிறதா? டயர் இடுக்கில் கல் மாட்டியிருக்கலாம். பிடுங்கிப் போடுங்கள், செலவு பூஜ்யம். சமீபத்தில் ஸ்டெப்னி மாற்றியிருந்தால் முதலில் வீல் நட்டுகளைப் பாருங்கள். லூசாக இருந்தால் சக்கரம் நமக்கு முன்னால் மாமல்லபுரம் போய்ச் சேரும்!

கடற்கரையில் ராத்திரி நிறுத்திய வண்டி, காலையில் முதல் பிரேக்குக்கு 'கர்ர்' என்றால் பயப்படாதீர்கள். உப்புக் காற்றில் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு அது. நாலைந்து பிரேக்கில் போய்விடும். போகாமல் 'கிறீச்' என்று தொடர்ந்தால் பிரேக் பேட் தேய்ந்திருக்கும்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்றால் சி.வி. ஜாயின்ட். அம்பாசடரைப் பின் சக்கரம் தள்ளியது. 1983-ல் வந்த மாருதி 800-ஐ முன் சக்கரம் இழுத்தது. இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்றால் இந்த ஜாயின்ட்டுக்கு இரட்டை வேலை. அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண் உள்ளே. அப்புறம் ஆயுசு கொஞ்சம்தான்.

ஸ்பீடு பிரேக்கரில் 'கடக்' என்றால் பால் ஜாயின்ட், புஷ், லிங்க் மூன்றையும் சந்தேகப்படுங்கள்.

வேகம் ஏற ஏற 'ஊம்ம்' என்று ஏறுகிறதா? நியூட்ரலிலும் நிற்கவில்லையா? வீல் பேரிங். இடப்பக்கம் வளையும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். ஏனென்றால் அப்போது பாரம் வலது பக்கம் சாய்கிறது.

போன மாதம் எனக்கு வந்தது இந்த 'ஊம்ம்'தான். வண்டியில் மனைவி, இரண்டு குழந்தைகள். கடற்கரைச் சாலை ஆசையை விட்டு, மெதுவாகச் செங்கல்பட்டுக்கே திருப்பினேன். மெக்கானிக் ஜாக்கி போட்டுச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. சுற்றினார். கரகரத்தது.

"நல்லவேளை திரும்பிட்டீங்க சார். ஹைவேஸ்ல இறுகியிருந்தா வண்டி உங்க பேச்சைக் கேட்காது" என்றார்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். சமதரை, ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு முட்டுக் கல் மூன்றும் கட்டாயம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.

ஆபீசில் மேனேஜர் போடுகிற சத்தத்தைக் கேட்காத மாதிரி இருந்துவிடலாம், சம்பளம் வந்துவிடும். சக்கரம் போடுகிற சத்தத்துக்கு மட்டும் உடனே 'யெஸ் சார்' சொல்லிவிடுங்கள்!