ஒரு கணிப்பொறி, இரண்டு சர்வர்

(மூன்றாமாண்டு, கணிப்பொறி அறிவியல்)

பாகூர் ஏரிக்கரையில் நடந்தவர்கள் மதகுகளைப் பார்த்திருப்பார்கள். ஏரி ஒன்று, மதகுகள் பல. ஒவ்வொரு மதகும் தன் ஆயக்கட்டுக்கு மட்டுமே நீர் விடும். ஒன்றை அடைத்தால் அதன் கீழுள்ள வயல்தான் காயும். கணிப்பொறிக்குள்ளும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு என்பதை ஓர் இழப்புக்குப் பிறகே நான் கற்றேன்.

விடுமுறையில் பயிற்சிக்குச் சென்ற இடத்தில் இருந்தது ஒரே ஒரு பழைய கணிப்பொறி. அதில் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகக் கணக்கும் அதில்தான், எங்கள் பயிற்சியும் அதில்தான். ஒருநாள் எங்களில் ஒருவர் தம் பயிற்சி அட்டவணை என்று நினைத்து மூன்று மாத வரவுப் பதிவை அழித்துவிட்டார். ரசீதுப் புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மீண்டும் பதிந்தோம். ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் சர்வரையே நிறுத்தியும் ஓட்டியும் கெடுத்தும் பழக வேண்டியவனுக்கு அது போதாது.

இன்னொரு கணிப்பொறி வாங்க வழியில்லை. ஆகவே அதிலேயே அதே சர்வரை இரண்டாவதாகவும் ஓட்டுவது என்று முடிவாயிற்று. இப்படி ஓடும் ஒவ்வொன்றையும் இன்ஸ்டன்ஸ் என்பர். வட்டில் இருக்கும் நிரல் ஒன்றுதான். ஒரே சமையல் குறிப்பைப் பார்த்து இரண்டு அடுப்பில் இருவர் சமைப்பது போன்றது இது. ஒருவர் போடும் உப்பு மற்றவர் பாத்திரத்தில் விழாது.

முதல் முயற்சியில் இரண்டாவது சர்வர் எழவே இல்லை. முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லி நின்றுவிட்டது. காரணம் போர்ட் எண். வெளியிலிருந்து வரும் கேள்வி எந்த நிரலுக்கு உரியது என்பதை இந்த எண்ணைக் கொண்டே கணிப்பொறி அறிகிறது. 65535 வரை எண்கள் உண்டு. மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான எண் 3306. ஒரே முகவரியில் ஓர் எண்ணில் ஒருவர்தான் காத்திருக்க முடியும். இரண்டாவதற்கு 3307 கொடுத்தோம். அத்துடன் தனித் தரவுக் கோப்புறை, தனி சாக்கெட் கோப்பு, தனிப் பதிவேடு ஆகியவையும் வேண்டும். இவற்றுள் கோப்புறைதான் உயிர்நாடி. இரு சர்வர்கள் ஒரே கோப்பில் எழுதினால் தரவு சிதையும். அதனால்தான் முதலில் வந்த சர்வர் தன் கோப்பைப் பூட்டி வைத்துக்கொள்கிறது.

இது ஏழைகளின் உபாயம் மட்டுமன்று. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அமைப்பும் தன் தரவுத்தளக் கணிப்பொறிகள் சிலவற்றில் இவ்வாறே செய்கிறது. மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி அங்கே ஒரே கணிப்பொறியில் பலவாக ஓடுகிறது. ஆங்கில விக்கிப்பீடியா உள்ள முதற்பிரிவுக்கு எண் 3311, இரண்டாம் பிரிவுக்கு 3312. 2003-இல் தொடங்கிய நம் தமிழ் விக்கிப்பீடியா நூற்றுக்கணக்கான பிற விக்கிகளோடு மூன்றாம் பிரிவில் இருக்கிறது, அதற்கு 3313.

எங்கள் கதைக்கு வருவோம். இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு ஒரு பிற்பகலில், நாங்கள் பயிற்சி சர்வரில் பெரிய வினவல் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தபோது, அலுவலக சர்வர் நின்றுபோயிற்று. அதை யாரும் தொடவில்லை. எனினும் குற்றம் எங்களுடையதே. நினைவகத்தில் பெரும்பகுதியைத் தரவுத்தளத்துக்கு ஒதுக்கலாம் என்று புத்தகங்கள் சொல்லும். அது ஒரு சர்வர் மட்டும் ஓடும் கணிப்பொறிக்கான கணக்கு. நாங்களோ 4 ஜிகாபைட் நினைவகத்தில் இரண்டு சர்வர்களுக்கும் தலா 3 ஜிகாபைட் எழுதி வைத்திருந்தோம். இருவரும் கேட்டபோது இடமில்லை. லினக்ஸ் இத்தகைய நேரத்தில் பெரும்பாலும் அதிக நினைவகம் பிடித்திருக்கும் நிரலைக் கொன்றுவிடும். தவறு யாருடையது என்று அது விசாரிப்பதில்லை.

மதகுகள் தனித்தனியே இருக்கலாம். ஆனால் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் வறண்டால் எந்த மதகிலும் நீர் வராது. நினைவகம், வட்டு, மின்சாரம் ஆகிய மூன்றும் எங்கள் இரு சர்வர்களுக்கும் பொதுவாகவே இருந்தன.

அலுவலக சர்வருக்கு 2 ஜிகாபைட்டும் பயிற்சிக்கு 512 மெகாபைட்டும் என்று மாற்றினோம். அதற்குப் பின் அது நிற்கவில்லை. வட்டு பழுதானால் என்ன செய்வது என்ற கேள்விக்கு 3307-இல் விடை இல்லை. அதற்காகவே, பயிற்சி முடிந்து நான் கிளம்பிய வாரத்தில், தனியே ஒரு வெளிவட்டு வாங்கி, மாலைதோறும் கணக்கின் நகலை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டத் தொடங்கியிருந்தார்கள்.